துவைத்த பின்னும் வாடை போகாத கபடி ஜெர்சிகள்: காரணம் என்ன, வழி என்ன?

கபடிக்களம் (பதிவு 1)

அனைவருக்கும் வணக்கம். நான் ஓர் அரசுப் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியையாகப் பணியாற்றுகிறேன். மாணவியர் கபடி அணிக்குப் பயிற்சியும் அளித்து வருகிறேன். மூன்று ஆண்டுகளுக்கு முன்பு ஊர்ப் பெரியவர் ஒருவர் அணிக்கு 12 ஜெர்சிகள் எடுத்துக் கொடுத்தார். எல்லாம் பாலியெஸ்டர் துணி. போட்டி முடிந்ததும் அவற்றைக் கழற்றி ஒரே பையில் திணித்துப் பேருந்தில் கொண்டு வருவோம். மறுநாள்தான் துவைக்க முடியும். இடையில் ஞாயிறு வந்தால் திங்கட்கிழமை ஆகிவிடும்.

சோப்புத்தூளில் ஊறவைத்து, கசக்கி, இரண்டு தண்ணீரில் அலசிக் காயவைத்து மடிக்கும்போது எந்த வாடையும் தெரிவதில்லை. அடுத்த போட்டிக்கு அதை அணிந்து பத்து நிமிடம் ஓடினாலே போதும், அக்குள் பகுதியிலிருந்து பழைய வாடை அப்படியே எழுகிறது. சென்ற வாரம் ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி, நன்றாக ரெய்டு போகக்கூடியவள், "டீச்சர், நான் மாற்று ஆட்டக்காரியாகவே இருந்துகொள்கிறேன்" என்றாள். காரணம் கேட்டேன். எதிரணிப் பிள்ளைகள் மூக்கைப் பிடித்துக்கொண்டார்களாம். அதைக் கேட்ட பிறகு எனக்கு இரண்டு நாள் தூக்கம் வரவில்லை.

இன்னொரு கவலையும் உண்டு. இரண்டு மாணவியருக்குத் தொடையிலும் முழங்கையிலும் சீழ்க்கட்டிகள் வந்திருக்கின்றன. இது அந்த ஜெர்சிகளால் வந்ததா? ஆறாம் வகுப்புப் பிள்ளைகளும் அதே போன்ற ஜெர்சிதான் அணிகிறார்கள், அதே பையில்தான் அவர்களுடையதும் வருகிறது, ஆனால் அவற்றில் இந்த வாடை இல்லை. இதற்கும் என்னிடம் விளக்கம் இல்லை. விவரம் அறிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஆற்றங்கரை (பதிவு 2)

அம்மா, நாங்கள் ஆடிய காலத்தில் பனியனும் நிஜாரும்தான். மண் தரையில் விழுந்து புரண்டு, வாய்க்காலில் குளித்து, கல்லில் அடித்துத் துவைத்து, வெயிலில் போட்டால் ஒரு மணி நேரத்தில் மொறுமொறுவென்று காய்ந்துவிடும். வாடை என்ற பேச்சே இருந்ததில்லை. பருத்திக்கு மாறிவிடுங்கள் என்பதுதான் என் கருத்து.

நுண்ணுயிர்த்தடம் (பதிவு 3)

ஆசிரியை அவர்களே, உங்கள் கேள்வியிலேயே பாதி விடை இருக்கிறது. ஆறாம் வகுப்புப் பிள்ளைகளின் ஜெர்சியில் வாடை இல்லை என்று கவனித்தீர்களே, அதிலிருந்து தொடங்குகிறேன்.

உடல் முழுவதும் வெப்பத்தைத் தணிப்பதற்காகச் சுரக்கும் வியர்வை பெரும்பாலும் நீரும் உப்பும்தான். அதற்கென்று வாடை கிடையாது. அக்குளில் வேறொரு வகைச் சுரப்பிகள் இருக்கின்றன. அவை பருவமடையும் வயதில்தான் இயங்கத் தொடங்குகின்றன. அவை சுரக்கும் நீர்மத்துக்கும் தொடக்கத்தில் வாடை இல்லை. ஆனால் தோலில் குடியிருக்கும் பாக்டீரியாக்கள் அதிலுள்ள சில மூலக்கூறுகளை உள்ளிழுத்து, உடைத்து, எளிதில் ஆவியாகும் துணுக்குகளாக வெளியே தள்ளுகின்றன. அந்தத் துணுக்குகளைத்தான் நம் மூக்கு வாடை என்று உணர்கிறது. கந்தகம் கொண்ட தயோஆல்கஹால்கள் இவற்றுள் மிகக் கடுமையானவை. கண்ணுக்குத் தெரியாத சிற்றளவே ஓர் அறையை நிரப்பப் போதுமானது. ஸ்டஃபைலோகாக்கஸ் ஹோமினிஸ் என்னும் பாக்டீரியா எந்த நொதியைக் கொண்டு இந்தத் தயோஆல்கஹாலை உண்டாக்குகிறது என்பதை இங்கிலாந்தின் யார்க் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2020இல் கண்டறிந்து வெளியிட்டார்கள்.

இது தோலில் நடப்பது. துணியில் நடப்பது சற்று வேறு. பெல்ஜியத்தின் கென்ட் பல்கலைக்கழகத்தில் 26 பேரைத் தீவிர மிதிவண்டிப் பயிற்சி செய்யவைத்து, அவர்கள் அணிந்திருந்த சட்டைகளைப் பையில் கட்டி 28 மணி நேரம் வைத்திருந்து பிறகு ஆராய்ந்தார்கள். முடிவுகள் 2014இல் வெளியாயின. பருத்திச் சட்டைகளைவிடப் பாலியெஸ்டர் சட்டைகளின் வாடை தெளிவாக மோசமாக இருந்தது. அக்குள் வாடைக்குப் பெரிதும் காரணமான கோரினிபாக்டீரியம் துணியில் பெருகவில்லை என்பதும், தோலில் குறைவாக இருக்கும் மைக்ரோகாக்கஸ் வகைகள் பாலியெஸ்டரில் செழித்து வளர்ந்தன என்பதும்தான் இதில் என்னை மிகவும் கவர்ந்தவை. அதாவது உடலிலிருந்து எல்லா பாக்டீரியாக்களும் சட்டைக்குப் போகின்றன. அங்கே யார் தங்குவது என்பதைத் துணி தீர்மானிக்கிறது.

அந்த ஆய்வில் சட்டைகள் மூடிய பையில் இருந்த நேரத்தைப் பாருங்கள், 28 மணி. உங்கள் ஜெர்சிகள் சனிக்கிழமை மாலையிலிருந்து திங்கட்கிழமை காலை வரை கிடக்கின்றன. ஈரம், இளஞ்சூடு, உணவு மூன்றையும் ஒருசேரக் கொடுத்து நாமே அவற்றை வளர்க்கிறோம்.

பின்னல்நூல் (பதிவு 4)

திருப்பூரில் பின்னலாடைத் துணிகளுக்கு ஃபினிஷிங் செய்யும் ஆலையில் இருபது ஆண்டுகளாக இருக்கிறேன். மேலே நண்பர் சொன்னதற்குத் துணியின் பக்கத்திலிருந்து கொஞ்சம் சேர்க்கிறேன்.

வழக்கமான காற்று ஈரத்தில் பருத்தி தன் எடையில் 8 விழுக்காடு அளவுக்கு நீரை இழைக்குள்ளேயே வாங்கி வைத்துக்கொள்ளும். பாலியெஸ்டர் வாங்குவது 0.4 விழுக்காடுதான். ஆகவே வியர்வை அதன் மேற்பரப்பில் பரவி ஓடிச் சீக்கிரம் காய்கிறது. விளையாட்டுக்கு அதைத் தேர்ந்தெடுப்பதே அதற்காகத்தான். ஆனால் நீரை விரும்பாத அந்த இழை எண்ணெய்ப் பசையை மிகவும் விரும்பும். தோலிலிருந்து வரும் எண்ணெய் பாலியெஸ்டரில் ஒட்டிக்கொண்டால் குளிர்ந்த தண்ணீருக்கும் சாதாரணச் சோப்புத்தூளுக்கும் எளிதில் அசைந்து கொடுக்காது. வாடை தரும் மூலக்கூறுகளும் அந்த எண்ணெயில் கரைந்து பதுங்கிக் கிடக்கும். காய்ந்த சட்டையில் அவை வெளியே வருவதில்லை. உடல் சூடும் வியர்வை ஈரமும் பட்டதும் எழுந்து வரும். உங்களுடைய அந்தப் பத்து நிமிடக் கணக்கு இதுதான்.

ஒரு சிறு சோதனை செய்து பாருங்கள். எங்கள் ஆலையில் துணி நீர் உறிஞ்சுகிறதா என்று பார்க்கத் துளி வைப்போம். துவைத்துக் காய்ந்த ஜெர்சியைத் தட்டையாக விரித்து, கீழ் ஓரத்தில் ஒரு துளித் தண்ணீரும் அக்குள் பகுதியில் ஒரு துளியும் விடுங்கள். கீழே விட்டது உடனே பரவி, அக்குளில் விட்டது மணிபோல் உருண்டு நின்றால் அங்கே எண்ணெய் படிந்திருக்கிறது என்று பொருள். துணியை மென்மையாக்கும் வாசனைத் திரவம் எதையும் கடைசி அலசலில் சேர்க்கிறீர்களா? சேர்த்தால் இன்றே நிறுத்திவிடுங்கள். அது இழையின் மேல் மெழுகு போன்ற படலத்தைப் பூசி, அடியிலுள்ள அழுக்கையும் சேர்த்து மூடிவிடும்.

ஆற்றங்கரை ஐயாவுக்கு ஒரு சொல். பருத்தியில் வாடை குறைவு என்பது உண்மை. ஆனால் நனைந்த பருத்தி பனியன் கனத்துத் தொங்கும். பிடித்து இழுக்கும் ஆட்டத்தில் கிழியும். நனைந்தபடியே உடலில் உராய்ந்து தோலையும் புண்ணாக்கும். வாடை ஒன்றுக்காகப் பிள்ளைகளைப் பழைய பனியனுக்குத் திருப்ப வேண்டியதில்லை என்று நினைக்கிறேன்.

தோல்நலம் (பதிவு 5)

நான் தோல் மருத்துவர். இந்த உரையாடலில் வாடையும் கட்டியும் ஒரே முடிச்சில் கட்டப்பட்டிருப்பதால் அதை அவிழ்த்துவிட விரும்புகிறேன், ஏனென்றால் ஒன்றைச் சரிசெய்துவிட்டு மற்றதும் சரியாகிவிட்டது என்று நம்பினால் ஆபத்து.

வாடையை உண்டாக்கும் பாக்டீரியாக்கள் பெரும்பாலும் நம் தோலில் எப்போதும் வாழ்பவை; நலமான உடலுக்கு அவற்றால் கேடில்லை. சீழ்க்கட்டியை உண்டாக்குவது பெரும்பாலும் ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ். வாடையே இல்லாத சட்டையிலும் துண்டிலும் அது இருக்கலாம். ஆகவே நாறுகிற ஜெர்சி நோயைத் தரும் என்றும், மணக்கிற ஜெர்சி பாதுகாப்பானது என்றும் எண்ண வேண்டாம்.

செயின்ட் லூயிஸ் ராம்ஸ் என்னும் அமெரிக்கக் கால்பந்து (ரக்பி போன்ற ஆட்டம்) அணியில் 2003இல் நடந்ததைச் சொன்னால் விளங்கும். அணியின் 58 ஆட்டக்காரர்களில் 5 பேருக்கு, மெதிசிலின் என்னும் நுண்ணுயிர்க்கொல்லி மருந்துக்குக் கட்டுப்படாத ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸால் மொத்தம் 8 முறை தொற்று ஏற்பட்டது. அத்தனையும் செயற்கைப் புல்தரையில் தோல் உரசிச் சிராய்த்த இடங்களில்தான் தொடங்கின. துண்டுகளைப் பகிர்ந்துகொண்டதும், சிராய்ப்புகளைச் சரியாகக் கவனிக்காததும் விசாரணையில் தெரியவந்தன. கபடியிலும் இதே நிலைமைதான்: ஆடுகள விரிப்பில் (மேட்) முழங்காலும் முழங்கையும் உரசுகின்றன, தோல் தோலைத் தொடுகிறது, ஒருவரின் உடை மற்றவருக்குப் போகிறது.

உங்கள் மாணவியருக்கு உடனே செய்ய வேண்டியது இதுதான். கட்டியைப் பிதுக்கக் கூடாது. மருத்துவரிடம் காட்ட வேண்டும். சீழ் இருந்தால் அதைச் சோதனைக்கு அனுப்பச் சொல்லிக் கேளுங்கள், எந்த மருந்துக்குக் கட்டுப்படும் என்பது அதில் தெரிந்துவிடும். கட்டி ஆறும் வரை, அல்லது நழுவாமல் முழுவதும் மூடிக் கட்டும் வரை, அவர்கள் தொடு ஆட்டத்தில் இறங்க வேண்டாம். ஒரு துண்டு ஒருவருக்கு மட்டும். ஜெர்சி எண்ணை ஆளுக்கு ஒன்றாக நிலையாக ஒதுக்கிவிடுங்கள், ஒரே சட்டை ஐந்து பேரிடம் சுற்றி வரக் கூடாது. ஸ்டஃபைலோகாக்கஸ் வகைகளைப் பலவகைத் துணிகளிலும் பிளாஸ்டிக்கிலும் வைத்துச் சோதித்த 2000ஆம் ஆண்டு ஆய்வொன்றில் எல்லாமே குறைந்தது 1 நாள் உயிரோடு இருந்தன, சில 90 நாளையும் தாண்டின. "சென்ற வாரம் போட்டதுதானே, காய்ந்துவிட்டது" என்பது பாதுகாப்பு ஆகாது.

தொடை இடுக்கில் வட்டமாக அரித்துக்கொண்டு பரவினால் அது பூஞ்சை, படர்தாமரை. கடையில் கேட்டு வாங்கும் கலவைக் களிம்புகளைத் தடவ வேண்டாம். அவற்றில் சேர்ந்திருக்கும் ஸ்டீராய்டு அரிப்பை அடக்கிக்கொண்டே பூஞ்சையை வளர்க்கும்.

கபடிக்களம் (பதிவு 6)

மருத்துவர் அவர்களுக்கு நன்றி. இரு மாணவியரையும் இன்று காலை அவர்களின் அம்மாக்களோடு அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றேன்.

துளிச் சோதனையையும் செய்தேன். மதிய இடைவேளையில் ஐந்தாம் எண் ஜெர்சியை மேசைமேல் விரித்து, இங்க் ஃபில்லரால் துளி விட்டேன். கீழ் ஓரத்தில் விட்ட துளி நான் கையை எடுப்பதற்குள் ஒரு ரூபாய் அளவுக்குப் பரவிவிட்டது. அக்குளில் விட்டது தாமரை இலைத் தண்ணீர்போல் அப்படியே நின்றது. சுற்றி நின்ற பிள்ளைகள் வாய் பிளந்து பார்த்தார்கள். அந்த மாணவியும் நின்று பார்த்தாள். "அப்படியென்றால் எண்ணெய்தானா டீச்சர், நான் சரியாகக் குளிக்கவில்லை என்பதில்லையா?" என்று கேட்டாள். இதுவரை அவள் தன்மேல்தான் பழி போட்டுக்கொண்டிருந்திருக்கிறாள்.

இனி எப்படித் துவைப்பது? கிருமிநாசினித் திரவத்தைச் சோப்புத்தூளோடு கலந்து ஊறவைக்கலாமா? கொதிக்க வைக்கலாமா? எங்களிடம் இயந்திரம் இல்லை, வாளிதான். ஆழ்குழாய்த் தண்ணீர், உப்பு அதிகம்.

நுண்ணுயிர்த்தடம் (பதிவு 7)

இரண்டையும் ஒரே வாளியில் கலக்காதீர்கள். கடைகளில் கிடைக்கும் துணிக் கிருமிநாசினிகள் பலவற்றில் நேர்மின்னூட்டம் கொண்ட பென்சல்கோனியம் குளோரைடு வகை மருந்துகள் இருக்கின்றன. சோப்புத்தூளின் முக்கியப் பொருள் எதிர்மின்னூட்டம் கொண்டது. சேர்ந்தால் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு இரண்டும் வீணாகும். பயன்படுத்துவதாக இருந்தால் சோப்பு முழுவதும் அலசிய பிறகு கடைசித் தண்ணீரில்தான் சேர்க்க வேண்டும். எண்ணெய் போகாத துணியில் கிருமிநாசினி ஊற்றுவது சேற்றின் மேல் சுண்ணாம்பு அடிப்பது போன்றது என்பதையும் நினைவில் வையுங்கள்.

வெள்ளாவி (பதிவு 8)

என் தந்தையும் தாத்தாவும் சலவைத் தொழில் செய்தவர்கள். நான் இப்போது வேறு வேலையில் இருக்கிறேன், ஆனால் பன்னிரண்டு வயது வரை ஆற்றங்கரையில் அவர்களோடு நின்றிருக்கிறேன். இந்த உரையாடலைப் படித்தபோது அவர்கள் செய்தது என்ன என்பது எனக்கே புதிதாக விளங்கியது.

துணிகளை உவர்மண் கரைத்த நீரில் நனைத்துப் பிழிந்து, வெள்ளாவிப் பானைமேல் அடுக்கி, இரவு முழுவதும் ஆவியில் வேகவைப்பார்கள். உவர்மண்ணில் இருப்பது சோடியம் கார்பனேட், அதாவது சலவை சோடா. காரமும் சூடும் சேர்ந்தால் உடல் எண்ணெயின் கொழுப்பு அமிலங்கள் சோப்பாக மாறிக் கரைந்துவிடும், அந்த ஆவியில் கிருமியும் மிஞ்சாது. அதிகாலையில் பானையைப் பிரிக்கும்போது வரும் மணம் இன்னும் என் மூக்கில் இருக்கிறது. மண்ணும் வெந்த பருத்தியும் கலந்த மணம் அது. ஊரார் அழுக்கைத் தொட்டவர்கள் என்று அவர்களை ஒதுக்கி வைத்தார்கள். ஊரார் உடம்பை நோயிலிருந்து காத்தவர்களும் அவர்கள்தான் என்று இங்கே பதிவு செய்ய விரும்புகிறேன்.

பாலியெஸ்டரை வெள்ளாவி வைக்க முடியாது. ஆனால் அதே கொள்கையை வாளியில் செய்யலாம். கொதிக்கும் தண்ணீர் ஒரு பங்கு, சாதாரணத் தண்ணீர் ஒரு பங்கு கலந்தால் ஏறத்தாழ 60 பாகை வரும். பத்து லிட்டருக்கு இரண்டு மேசைக்கரண்டி சலவை சோடாவும் வழக்கமான சோப்புத்தூளும் போட்டுக் கரைத்து, ஜெர்சிகளை உட்புறம் வெளியே வரும்படி திருப்பி ஒரு மணி நேரம் ஊறவையுங்கள். வீட்டில் நான் இப்படித்தான் செய்கிறேன். உப்புத் தண்ணீரின் கடினத்தையும் சலவை சோடா குறைக்கும் என்பதால் சோப்பு நன்றாக வேலை செய்யும். கைக்கு உறை போட்டுக்கொள்ளுங்கள், தோல் வறண்டு வெடிக்கும்.

பின்னல்நூல் (பதிவு 9)

வெள்ளாவி நண்பர் சொன்ன முறை சரியானது. 60 பாகைக்கு மேல் போக வேண்டாம்; அதற்கும் மேலே பாலியெஸ்டர் இளகத் தொடங்கி, விழுந்த சுருக்கம் நிலைத்துவிடும். துணியில் இழுத்தால் நீளும் எலாஸ்டேன் இழை கலந்திருந்தால் 40 பாகையோடு நிறுத்துங்கள், குளோரின் ப்ளீச்சை அதன் பக்கமே கொண்டு போகாதீர்கள், இழுவை போய்விடும். சப்ளிமேஷன் முறையில் அச்சிட்ட எண்களுக்கு இந்தச் சூட்டால் ஒன்றும் ஆகாது. அவை 200 பாகையை ஒட்டிய சூட்டில் துணிக்குள் ஏற்றப்பட்டவை. வினைல் தாளில் வெட்டி ஒட்டிய எண்கள் உரியக்கூடும். ஒரு ஜெர்சியில் முதலில் செய்து பாருங்கள்.

மாலைஓட்டம் (பதிவு 10)

இவ்வளவு சிரமம் எதற்கு? பாக்டீரியாவைக் கொல்லும் வெள்ளி பூசிய ஜெர்சிகள் இப்போது கிடைக்கின்றனவே. நன்கொடை திரட்டிப் புதிதாக வாங்கிவிடலாமே.

பின்னல்நூல் (பதிவு 11)

நண்பரே, அந்தப் பூச்சை நாங்களே போட்டுத் தருகிறோம் என்பதால் சொல்கிறேன். வாங்குபவர்கள் கேட்கும் ஆய்வகச் சோதனை பெரும்பாலும் ஏஏடிசிசி 100. துண்டுத் துணியில் குறிப்பிட்ட பாக்டீரியாவை விட்டு, 24 மணி நேரம் கழித்து எத்தனை மிஞ்சியிருக்கின்றன என்று எண்ணுவார்கள். அதில் 99 விழுக்காடு குறைந்தது என்று சான்றிதழ் வரும். பொய்யில்லை. ஆனால் ஆட்டக்காரியின் உடலில் அந்தத் துணி எண்ணெயிலும் உப்பிலும் மூழ்கிக் கிடக்கிறது. வியர்வையின் குளோரைடு வெள்ளி அயனியைப் பிடித்துக்கொள்கிறது. எண்ணெய்ப் படலம் பூச்சை மூடிவிடுகிறது. அரிசோனா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2008இல் வெள்ளி நானோத்துகள் கொண்ட காலுறைகளை நீரில் அலசிப் பார்த்தபோது, சில காலுறைகள் நான்கே அலசலில் ஏறக்குறைய எல்லா வெள்ளியையும் நீரில் விட்டுவிட்டன. அந்த நீர் எங்கே போகிறது என்பதையும் யோசிக்க வேண்டும். நொய்யல் கரையில் இருந்துகொண்டு இதை நான் இலேசாகச் சொல்ல முடியாது. இருக்கிற ஜெர்சிகளைச் சரியாகத் துவைப்பதே போதும்.

அடுக்கக_வாசி (பதிவு 12)

துவைக்கும் இயந்திரம் வைத்திருப்பவர்களுக்காக ஒன்று. என் ஜிம் உடைகளில் வந்தது அக்குள் வாடை இல்லை, ஈரத்துணி வாடை. அடுக்ககத்தில் வெயில் வராத பால்கனி. மழைக்காலத்தில் இரண்டு நாள் காயும். இதற்கு மொராக்செல்லா ஆஸ்லோயென்சிஸ் என்னும் பாக்டீரியா காரணம் என்று ஜப்பானின் காவோ நிறுவன ஆய்வாளர்கள் 2012இல் வெளியிட்டதைப் படித்தேன். வறட்சியையும் புற ஊதாக் கதிரையும் ஓரளவு தாங்கக்கூடியதாம். அப்படியென்றால் வெயில் மட்டும் போதாதா?

நுண்ணுயிர்த்தடம் (பதிவு 13)

போதாது, ஆனால் வேண்டும். வெயிலின் முதல் உதவி விரைவாக உலர்த்துவது. ஈரமில்லாமல் எதுவும் பெருகாது. கிருமியைக் கொல்லும் வேலையைச் சூடும் காரமும் முன்பே முடித்திருக்க வேண்டும். உங்கள் இயந்திரத்தையும் பாருங்கள்: கதவின் ரப்பர் வளையத்தை மடித்துப் பார்த்தால் வழவழப்பாகக் கருத்த படலம் தெரியும். எப்போதும் குளிர்ந்த நீரில் விரைவுச் சலவை செய்யும் இயந்திரங்களில் அந்தப் படலமே துணிக்குக் கிருமியைத் திருப்பித் தரும். ஜெர்மனியில் ஒரு மருத்துவமனையின் பச்சிளங்குழந்தைகளிடம் கிளெப்சியெல்லா ஆக்சிடோகா என்னும் பாக்டீரியா திரும்பத் திரும்பக் கண்டறியப்பட்டபோது, குழந்தைகளின் தொப்பிகளையும் காலுறைகளையும் துவைத்த இயந்திரத்தில்தான் அது குடியிருந்தது என்று 2019இல் வெளியான ஆய்வு காட்டியது. மாதம் ஒருமுறை துணி போடாமல் அதிகபட்ச சூட்டில் ஓட்டுங்கள், மற்ற நேரங்களில் கதவைத் திறந்தே வையுங்கள்.

கபடிக்களம் (பதிவு 14)

நான்கு வாரங்களுக்குப் பிறகு எழுதுகிறேன். மன்னிக்கவும், மண்டலப் போட்டிகள் நடந்துகொண்டிருந்தன.

சத்துணவு அக்கா சோறு வடித்த பின் அடுப்பில் தனி அண்டா வைத்துத் தண்ணீர் காய்ச்சித் தந்தார். முதல் முறை ஊறவைத்துத் திறந்தபோது, வெள்ளையாக நுரைத்திருக்க வேண்டிய தண்ணீர் கழுநீர்போல் மங்கிக் கலங்கியிருந்தது; விரலால் தொட்டால் வழுக்கியது. மூன்று ஆண்டு எண்ணெய். இரண்டாம் முறை கலங்கல் குறைந்தது, மூன்றாம் முறை இல்லை. ஏழாம் எண்ணின் ஓரம் சற்று உரிந்துகொண்டு வந்தது, மாணவி ஒருத்தி ஊசிநூலால் தைத்துவிட்டாள்.

பையையும் மாற்றிவிட்டோம். மளிகைக் கடையில் வெங்காயம் வரும் வலைச்சாக்குகளைக் கேட்டு வாங்கி, ஈரமான ஜெர்சிகளை அதில் போட்டுப் பேருந்தின் சன்னல் கம்பியில் கட்டித் தொங்கவிட்டு வருகிறோம். ஊர் வந்து சேர்வதற்குள் பாதி காய்ந்துவிடுகிறது. எண்கள் ஆளுக்கு ஒன்றாக ஒதுக்கப்பட்டுவிட்டன. ஒரு மாணவியின் கட்டி முழுவதும் ஆறிவிட்டது. மற்றவள் இன்னும் மருந்தில் இருக்கிறாள், கரையில் அமர்ந்து புள்ளி எழுதுகிறாள்.

ஒதுங்கி உட்கார்ந்த அந்தப் பெண் மண்டலப் போட்டியில் மூன்று ஆட்டமும் ஆடினாள். இரண்டாம் ஆட்டத்தில் ஒரே ரெய்டில் மூன்று புள்ளி எடுத்துவிட்டு ஓடி வந்து என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். எனக்கு வாடை எதுவும் தெரியவில்லை.

12இல் 10 ஜெர்சிகள் சரியாகிவிட்டன. இரண்டாம் எண்ணிலும் பதினோராம் எண்ணிலும் துளி இன்னும் சற்று நேரம் நிற்கிறது. ஆக்ஸிஜன் வெளுப்பானான சோடியம் பெர்கார்பனேட்டை அவற்றுக்குப் பயன்படுத்தலாமா, வண்ணத் துணிக்கு ஒத்துக்கொள்ளுமா?

பின்னல்நூல் (பதிவு 15)

பயன்படுத்தலாம் அம்மா. குளோரின் போல் அது பாலியெஸ்டரின் நிறத்தை உறிஞ்சாது. தண்ணீர் 40 பாகைக்குக் குறைந்தால் சரியாக வேலை செய்யாது, 60இல் நன்றாகச் செய்யும். கரைத்த பிறகு மூடிய புட்டியில் சேமித்து வைக்காதீர்கள், வாயு கிளம்பிப் புட்டி வெடிக்கும். அன்றன்று கரைத்து அன்றன்று கொட்டிவிடுங்கள். துளி பரவியதா என்று எழுதுங்கள்.